இரண்டு ஃபைல், ஒரே உடம்பு

பட்டாளத்துக்காரருக்கு ஓய்வு சீக்கிரம் வந்துவிடும். சிப்பாயாகச் சேர்ந்தவர் நாற்பதை ஒட்டியே பென்ஷனோடு கடலூர் முதுநகருக்கோ சிதம்பரத்துக்கோ திரும்பி, வங்கி வாசலில் செக்யூரிட்டியாக இரண்டாவது வேலையைத் தொடங்கிவிடுகிறார். எச்.ஐ.வி. உள்ளவருக்கு முதுமையும் அப்படித்தான், சீக்கிரம் வருகிறது.

1986-இல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டபோது இப்படியொரு கவலைக்கே இடமில்லை. அன்று தொற்றியவர்களில் பெரும்பாலோர் கிழவராகும் வரை இருக்கவில்லை. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசக் கூட்டு மருந்து தரத் தொடங்கியது. ஆரம்பத்தில் கொடுத்த எட்டு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. அன்று நாற்பது வயதில் மாத்திரை தொடங்கியவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். ஸ்டாவுடின் என்ற பழைய மருந்தால் கன்னம் ஒட்டி, பாதம் எரிந்தவர்கள் அவர்களில் உண்டு. இப்போது நாளுக்கு ஒரே மாத்திரை. ஒழுங்காகப் போட்டால் வைரஸ் அடங்கிக் கிடக்கிறது. ஆளைச் சாய்ப்பது வேறு: நெஞ்சு, சிறுநீரகம், சர்க்கரை.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களையே பல ஆண்டுகளாகப் பின்தொடரும் பெரிய ஆய்வு ஒன்று உண்டு. 82,459 பேரை வைத்து 2013-இல் அது சொன்னது: எச்.ஐ.வி. உள்ளவருக்கு மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய 50 சதவீதம் கூடுதல். வைரஸ் அடங்கியிருந்தாலும் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும் அழற்சி ரத்தக் குழாயைக் கெடுக்கிறது. இவர்கள் உடம்பு குறைந்த குடியிலேயே கெட்டுவிடுகிறது என்பதும் அதே குழு கண்டதுதான். கேன்டீன் கோட்டா ரம் மலிவு என்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

நம் ஊரில் சிக்கல் இன்னொன்று. கூட்டு மருந்துக்கு ஏ.ஆர்.டி. மையத்தில் ஒரு ஃபைல். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் இன்னொரு ஃபைல். கிளினிக் வரிசையில் நிற்பவர்களோ பழைய ரெஜிமென்ட் சகாக்கள், தெருக்காரர்கள். அங்கே எப்படி வாய் திறப்பது? உள்ளூரில் தெரிந்துவிடும் என்று பக்கத்து மாவட்டத்துக்குப் பஸ் ஏறி மாத்திரை வாங்குபவர், உள்ளூர் டாக்டரிடம் அதைச் சொல்லமாட்டார். டாக்டர் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எழுதுவார். இன்றைய கூட்டு மருந்தில் உள்ள டோலுடெக்ராவிர் அந்த மெட்ஃபார்மினை உடம்பில் தேங்கவைக்கும். நாளுக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்க்க வேண்டும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளை வெறும் வயிற்றில் டோலுடெக்ராவிரோடு சேர்த்து விழுங்கினால் அது ரத்தத்தில் சரியாகச் சேராது. கூடவே இருக்கும் டெனோஃபோவிர் சிறுநீரகத்தைச் சோதிக்கும் மருந்து; மூட்டு வலிக்கு வாங்கிப் போடும் மாத்திரைகளோடு அது ஒத்துப்போகாது. மறைப்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் உயிரைக் கேட்கிற ரகசியம் இது.

தொற்று எப்படி வந்தது என்று விசாரிக்கும் ஊருக்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 2002-இல் ஆபரேஷன் பராக்ரம் என்ற எல்லைப் படைக்குவிப்பின் சமயத்தில் ஜம்மு பகுதியின் சாம்பாவில், ராணுவ மருத்துவமனையில் ஒரு விமானப்படை வீரருக்கு ரத்தம் ஏற்றினார்கள். 2014-இல் எச்.ஐ.வி. என்று தெரிந்தது. நுகர்வோர் ஆணையம் கைவிரித்தது. 2023 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் விமானப்படையும் ராணுவமும் பொறுப்பு என்று சொல்லி, ரூ.1 கோடியே 54 லட்சத்து 73 ஆயிரம் இழப்பீடு விதித்தது.

2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்தின்படி, ஒருவரின் நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்ல முடியாது. சட்டம் இருந்தும் வரிசையில் பெயரோடு நோயையும் உரக்கக் கூப்பிடும் பழக்கம் இருந்தால் யார் நம்புவார்கள்? கிளினிக்குகள் முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான். டாக்டரிடம் சொல்வதில் பலனும் உண்டு: 2023-இல் வெளியான, இந்தியாவும் பங்கேற்ற ஆய்வில், பிடவாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரை எச்.ஐ.வி. உள்ளவர்களின் இதய நோய்களை 35 சதவீதம் குறைத்திருக்கிறது. எச்.ஐ.வி. இருப்பது தெரிந்த டாக்டரால்தான் அது தேவையா என்று யோசிக்கவாவது முடியும்.

அய்யா, அடுத்த முறை கிளினிக் போகும்போது ஏ.ஆர்.டி. புத்தகத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு டாக்டரிடம் மட்டும் காட்டுங்கள். கிரியேட்டினின், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 1097-க்குப் பேசுங்கள், அழைப்பு இலவசம்.