ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் எழும் ஓசை

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் நம் சங்கத்து அன்பர்களுள் ஒருவரோ இருவரோதான் இருக்கக்கூடும். அவர்களுக்காக ஒரு கட்டுரையா என்று மற்றையோர் கேட்க வேண்டா. எம்.ஜி.ஏ. என்னும் ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் 1955 முதல் 1962 வரை இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் செய்யப்பட்டது. அதன் முதல் வகையில் பொருத்தப்பட்ட 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின் பி.எம்.சி. கம்பெனியின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. அதே வரிசையில், அதே அளவுள்ள எஞ்சின்தான், கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 2014 வரை உருவான அம்பாசடர் காரிலும் பல்லாண்டுகள் உழைத்தது. ஆகவே நம் வீட்டு வாசலில் நின்ற அம்பாசடரும், பழங்கார்ப் பவனியில் பளபளத்துச் செல்லும் எம்.ஜி.யும் ஒரே குடியிற் பிறந்தவை. ஒன்றன் நோயை அறிந்தவர் மற்றதன் நோயையும் பெரும்பாலும் அறிவர்.

அந்நோய்களுள் மிகுதியாகக் கேள்விப்படுவது இது: கார் நிற்கும்போது எஞ்சின் அமைதியாக ஓடுகிறது, பாலத்தில் ஏறும்போதோ, முன்னே செல்லும் பஸ்ஸைக் கடக்க ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதோ மட்டும் ஓர் ஓசை எழுகிறது. இதைச் சொன்ன மாத்திரத்தில், "பேரிங் போய்விட்டது; எஞ்சினை இறக்க வேண்டும்" என்று தீர்ப்பளிக்கும் மெக்கானிக்குகள் உளர். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில், காலஞ்சென்ற தந்தையார் ஆசையாய்ப் பேணிய எம்.ஜி.ஏ. காருக்கு இத்தீர்ப்புத்தான் கிடைத்தது. மகனார்க்குக் காரை விற்க மனமில்லை. பட்டறைக்காரர் கேட்ட தொகையோ அவருடைய ஓராண்டுச் சேமிப்பு. காரை மூடி வைத்துவிடலாமா என்று வீட்டில் பேச்சும் நடந்தது.

நான் இரயில்வேயில் எழுத்தன். எஞ்சின் சாத்திரம் கற்றவனல்லன். ஆயினும், வண்டி நின்றதும் சக்கரந்தோறும் சுத்தியலால் தட்டிச் செவிகொடுத்து நடக்கும் தொழிலாளியைப் பற்றி எங்கள் துறையில் அறியாதவர் இல்லை. சக்கரத்தைக் கழற்றாமலே விரிசலை ஓசையால் அறிந்த கலை அது. காருக்கும் அவ்வாறே: ஸ்பேனரை எடுக்குமுன் செவியைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

முதலில் கேட்டறிய வேண்டியது, ஓசை எதைப் பின்தொடர்கிறது என்பது. ஆளற்ற சாலையில் ஒருவர் ஓட்ட, மற்றொருவர் அருகமர்ந்து கேட்பது நலம். ஓசை எழும் வேகத்தில் கிளட்ச்சை அழுத்தி, ஆக்ஸிலரேட்டரை விட்டு, காரைத் தானாக உருள விடுங்கள். அப்போதும் ஓசை தொடர்ந்தால் குற்றம் எஞ்சினில் இல்லை. சக்கரத்திலோ பின் அச்சிலோ தேட வேண்டும். ஓசை நின்றுபோனால், காரை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை அதே வேகத்திற்கு உயர்த்திப் பாருங்கள். இப்போதும் கேட்டால் அது எஞ்சினின் சுழற்சியைச் சார்ந்தது. நின்றபடி கேளாமல் இழுக்கும்போது மட்டும் கேட்டால் சுமையைச் சார்ந்தது. சுமையைச் சார்ந்த ஓசைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் பெரும்பாலானவை செலவு குறைந்தவை.

அவற்றுள் தலையாயது நாக்கிங். தகர டப்பாவில் சில்லறைக் காசுகளைப் போட்டுக் குலுக்கினாற்போல் மெல்லிய கலகலப்பு. கியரை மாற்றாமல் மெதுவான வேகத்தில் அழுத்தினால் மிகும். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ சிலிண்டர் முழுதும் பரவுமுன், எஞ்சிய பெட்ரோல் ஆவி அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானே வெடிப்பதால் உண்டாவது இது. அழுத்தி ஓட்டும்போது சிலிண்டருக்குள் கலவை நிறையப் புகுவதால் அழுத்தம் கூடுகிறது; ஆதலால்தான் அப்போது மட்டும் கேட்கிறது. தீப்பொறி உரிய காலத்துக்கு முன்னரே பிறந்தால் நிச்சயம் கேட்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வேகத்திற்கேற்பப் பொறியை முன்தள்ளும் எடைகள் உண்டு. அவற்றைப் பிடித்திழுக்கும் சிறு ஸ்பிரிங்குகள் அறுபது ஆண்டுகளில் தளர்ந்துபோகாவிட்டால் அதுவே வியப்பு! சிலிண்டர் தலையில் படிந்த கரியும் இக்குற்றத்தைச் செய்யும்.

இதைச் சோதிக்கச் செலவே இல்லை. எம்.ஜி.ஏ.யின் டிஸ்ட்ரிபியூட்டரில், நேரத்தை நுட்பமாகத் திருத்தக் கையால் திருகும் சிறு குமிழ் ஒன்றுண்டு. அதைத் தாமதப் பக்கம் சிறிது திருப்பி, அதே ஏற்றத்தில் மீண்டும் ஓட்டிப் பாருங்கள். அல்லது வழக்கமாகப் போடும் பெட்ரோலுக்குப் பதில் ஆக்டேன் மிகுந்த பெட்ரோல் போட்டுப் பாருங்கள். கலகலப்பு அடங்கினால் பேரிங்கைப் பற்றிய கவலையை விடலாம். பழைய கைப்புத்தகத்தில் அச்சிட்ட நேரக் கணக்கு அக்காலத்து ஈயம் கலந்த பெட்ரோலுக்கு வகுத்தது என்பதையும் மறக்கலாகாது. நம் நாட்டில் ஈயக் கலப்பு 2000-ஆம் ஆண்டோடு ஒழிந்தது. இப்போது கலப்பது எதனால். எதனால் மிகுந்த பெட்ரோலில், கார்ப்யுரேட்டரைத் திருத்தாவிட்டால், கலவை மெலிந்துபோகும். இரட்டை எஸ்.யு. கார்ப்யுரேட்டர்களின் தலையிலுள்ள மூடியைத் திறந்து, உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது வற்றினால், திடீரென அழுத்தும்போது எஞ்சின் தும்மும். பலர் பல்லாண்டுகளாக அம்மூடியைத் திறந்ததே இல்லை.

'சிக் சிக்' என்று டாப்பெட் போலக் கேட்டு, அழுத்தும்போது உரத்து, எஞ்சின் சூடேறியபின் குறைந்தால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பொருந்துமிடத்தில் புகை கசிகிறது எனலாம். அங்கே கரிக்கோடு தெரியும். போல்ட்டுகளை இறுக்கியோ கேஸ்கெட் மாற்றியோ தீர்க்கலாம்.

முன்சொன்ன குடும்பத்துக் காரில் இருந்தது இவற்றுள் எதுவுமன்று. அழுத்தினால் 'தொம் தொம்' என்று தரையே அதிர்ந்தது. மல்லிக் பஜாரில் அம்பாசடர் எஞ்சின்களோடு வாழ்நாளைக் கழித்த முதியவர் ஒருவர் வந்தார். கேட்டதும் கருவியொன்றையும் எடுக்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்து, கியரிலிட்டு, கிளட்ச்சை இலேசாக விடச் சொன்னார். தாம் பக்கவாட்டில் நின்று எஞ்சினைப் பார்த்தார். (காரின் முன்னே நிற்பது ஆபத்து.) எஞ்சின் ஒரு பக்கமாக எழும்பிச் சாய்ந்தது. தாங்கும் ரப்பர் நைந்து பிரிந்திருந்தபடியால், சுமை ஏறும்போதெல்லாம் எஞ்சின் முறுக்கிக்கொள்ள, எக்ஸாஸ்ட் குழாய் சட்டத்தில் இடித்துக்கொண்டிருந்தது. இரண்டு ரப்பர்களும் ஒரு நாள் கூலியும், அவ்வளவே. அன்று அவ்வீட்டம்மையார் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை எழுத எனக்குத் திறமில்லை.

இதனால் பேரிங் என்ற பேச்சே பொய் என்று கொள்ளலாகாது. மரச்சுத்தியலால் இரும்பைத் தட்டினாற்போன்ற கனத்த ஓசை, எஞ்சின் சூடேறச் சூடேற உரத்து, எண்ணெய் அழுத்தங்காட்டும் ஊசியும் தாழ்ந்து நின்றால் ஐயத்துக்கு இடமுண்டு. ஒவ்வொரு பிளக்கின் மின்சாரத்தையும் முறையே தடுத்துப் பார்ப்பது பழைய வழி. அதிர்ச்சி தாக்குமாதலால் பழகியவர் கையால் செய்தல் வேண்டும். எந்தச் சிலிண்டரைத் தடுக்கும்போது தட்டல் குறைகிறதோ, அதன் கனெக்டிங் ராடைத் தாங்கும் பேரிங்கே தேய்ந்தது. எதைத் தடுத்தும் மாறாத ஆழ்ந்த ஓசையாயின், கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மூன்று முதன்மைப் பேரிங்குகளை நினைக்க வேண்டும்.

அந்நிலையில் ஒரு மைல்கூட ஓட்டாமல், கயிறு கட்டி இழுத்துச் செல்லுங்கள். அப்போதும் எஞ்சினை முழுதும் இறக்க வேண்டும் என்பதில்லை. அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினாலே கனெக்டிங் ராட் பேரிங்குகளைப் பெரும்பாலும் பார்த்துவிடலாம். தேய்ந்தது பேரிங்கின் உறை மட்டுமாயின், புதிய உறையோடு வேலை முடியும். கிராங்க் ஷாஃப்டில் கீறல் விழுந்திருந்தால் கடைசல் பட்டறையில் அதைத் தேய்த்துச் சமன் செய்து, அதற்கேற்ற தடித்த உறை போட வேண்டும். உறை வாங்குமுன் பட்டறைக்காரரிடம் அந்த அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.