ஹெம்ப் விதையெண்ணெயும் ஸி. பி. டி. எண்ணெயும்
(ஒரு விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் எழுதியது)

சென்ற மாதம் என் வட்டத்திலுள்ள கிராமமொன்றிற்குச் சென்றிருந்த பொழுது, கேழ்வரகு சாகுபடி செய்யும் குடியானவர் ஒருவர் இரண்டு புட்டிகளைக் கொண்டுவந்து காட்டினார். ஒன்றின்மேல் ‘ஹெம்ப் விதையெண்ணெய்’ என்றும், மற்றொன்றின்மேல் ‘ஸி. பி. டி. எண்ணெய்’ என்றும் அச்சிட்டிருந்தது. முன்னதைத் தோல் வறட்சிக்கும், பின்னதை முழங்கால் வலிக்குமாக அவருடைய குமாரர் வாங்கி அனுப்பியிருந்தார். ஒரே செடியின் எண்ணெயாயிருக்க, ஒன்றின் விலை மற்றதைப் போல் பல மடங்கு இருப்பானேன் என்று அவர் கேட்டார். அன்றியும், இச்செடியைப் பயிரிட்டால் பெருத்த லாபம் உண்டென்று ஒருவர் சொல்லி விதைக்கு முன்பணம் கேட்பதாகவும், அரை ஏக்கர் விதைத்துப் பார்க்கலாமா என்றும் வினவினார். இவ்வினாக்கள் மற்றவர்களுக்கும் எழக்கூடியவையாதலால், அவருக்குக் கூறிய விடையை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

செடியின் தன்மை

ஹெம்ப் என்பது கஞ்சாச் செடியில் ஒரு வகையே. தாவர சாஸ்திரப்படி இரண்டும் ‘கன்னாபிஸ் ஸடைவா’ என்னும் ஒரே ஜாதியாம். அவற்றுள் போதை தரும் டி. எச். ஸி. என்ற சத்து மிகக் குறைவாயுள்ள வகைகளையே ஹெம்ப் என்று வழங்குகின்றனர். அமெரிக்காவில் 2018-ம் வருஷத்தில் ஏற்பட்ட சட்டம், உலர்ந்த எடையில் நூற்றுக்கு 0.3 பங்குக்கு மேற்படாத செடியை ஹெம்ப் என வகுத்தது.

நாம் பசுந்தாள் உரத்திற்காக விதைக்கும் சணப்புக்கும், நாருக்காக வளர்க்கும் புளிச்சைக்கும் ஆங்கிலப் பெயர்களில் ஹெம்ப் என்ற சொல் சேர்ந்து வருவதுண்டு. எனினும் அவை முற்றிலும் வேறு குடும்பங்களைச் சேர்ந்த பயிர்கள். சணப்பு விதையில் நச்சுப் பொருள் இருப்பதால் அது உண்ணத் தக்கதன்று. ஆகையால் பெயரொற்றுமையைக் கண்டு மயங்கலாகாது.

விதையெண்ணெய்

ஹெம்ப் விதையில் ஏறக்குறைய நூற்றுக்கு 30 பங்கு எண்ணெய் உண்டு. எள்ளைப்போல் இதையும் சூடேற்றாமல் செக்கில் ஆட்டி எண்ணெய் எடுக்கலாம். எண்ணெய் பசுமை நிறமாயிருக்கும். அதில் பாதிக்கு மேற்பட்டது லினோலிக் அமிலம். ஆறில் ஒரு பங்கு அளவில் ஆல்பா லினோலெனிக் அமிலமும் இருக்கிறது. இவ்விரண்டையும் நம் தேகம் தானே உண்டாக்கிக்கொள்ள மாட்டாதாகையால் உணவின் மூலமாகவே பெறவேண்டும்.

கடுவால், குமாவோன் மலைநாட்டு ஜனங்கள் இவ்விதையை வறுத்து அரைத்துத் துவையலாகப் பன்னெடுங்காலமாக உண்டு வருகிறார்கள். இந்தியாவில் உணவுத் தர அதிகார சபையாரும் 2021-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் இவ்விதையையும், எண்ணெயையும், மாவையும் உணவுப் பொருள்களாக ஒப்புக்கொண்டனர்.

தோலில் தடவினால் ஈரம் வற்றாமல் காக்கும் குணம் இதற்கு உண்டு. 2005-ம் வருஷத்தில் பின்லாந்து தேசத்தில், கரப்பான் நோயுள்ள 20 பேரைக் கொண்டு ஒரு சிறு பரீட்சை வெளியாயிற்று. அதில் ஆலிவ் எண்ணெயை விட இவ்வெண்ணெயை உட்கொண்ட காலத்தில் வறட்சியும் அரிப்பும் குறைந்தன. இது நல்ல செய்தியே. ஆயினும் 20 பேரைக் கொண்டு உலகத்திற்கெல்லாம் முடிவு சொல்ல இயலாது.

இவ்வெண்ணெய் விரைவில் சிக்கு நாற்றம் ஏறக்கூடியது. ஆகவே கருநிறப் புட்டியில் அடைத்து, வெயிலும் வெப்பமும் படாத இடத்தில் வைக்கவேண்டும். பொரிப்பதற்கும் தாளிப்பதற்கும் இது ஏற்றதன்று.

ஸி. பி. டி. எண்ணெய்

ஸி. பி. டி. என்பது கன்னாபிடியால் என்ற பொருளின் சுருக்கப் பெயர். இது போதை தருவதன்று. பெண்செடியின் பூங்கொத்திலுள்ள சிற்றிலைகளின்மேல் பிசின் சுரக்கும் நுண்ணிய ரோமங்களில் இது உண்டாகிறது. விதைக்குள் இது உண்டாவதில்லை. அறுவடையில் பிசின் விதைத்தோலில் ஒட்டிக்கொண்டால் மட்டும் அற்பமாய்க் காணும். பூக்களிலிருந்து இதைச் சாராயம் முதலியவற்றால் கரைத்து எடுத்து, வேறோர் எண்ணெயில் கலந்து விற்கின்றனர். சிலர் கலப்பதற்கு ஹெம்ப் விதையெண்ணெயையே உபயோகிப்பதால்தான் இரண்டும் ஒன்றென்ற மயக்கம் பிறக்கிறது.

இதன் வேற்றுமையை ஒரு கணக்கால் அறியலாம். மேற்கூறிய உணவு விதிப்படி, ஒரு கிலோ விதையெண்ணெயில் ஸி. பி. டி. 75 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. ஆனால் கொடிய வலிப்பு நோய்கள் சிலவற்றிற்கென அமெரிக்காவில் 2018-ம் வருஷத்தில் அனுமதிக்கப்பட்ட ஸி. பி. டி. மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் உண்டு. அதாவது ஒரு கிலோ விதையெண்ணெய் முழுவதும் அம்மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஈடாகாது. எனவே, விதையெண்ணெயை ஸி. பி. டி. என்று சொல்லி அதன் விலைக்கு விற்பது வாங்குவோரை ஏமாற்றுவதேயாகும்.

அம்மருந்து வலிப்புக்கு அனுமதி பெற்றது முறையான பரீட்சைகளின் பேரில். முழங்கால் வலி, உறக்கமின்மை, முகச் சுருக்கம் ஆகியவற்றிற்கு அவ்வளவு உறுதியான சாட்சி இன்னும் ஏற்படவில்லை. மேலும் ஸி. பி. டி. மிகுந்தால் கல்லீரலைத் தாக்கலாம். இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் மருந்து முதலியவற்றின் வேகத்தையும் மாற்றும். 2017-ம் வருஷத்தில் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சியொன்றில், தபால் மூலம் வாங்கிய 84 ஸி. பி. டி. சரக்குகளைச் சோதித்தபோது, நூற்றுக்கு 31 சரக்குகளில் மட்டுமே மேற்சீட்டில் கண்ட அளவு சரியாயிருந்தது; 18 சரக்குகளில் டி. எச். ஸி.யும் கலந்திருந்தது.

பயிரிடலாமா?

1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டப்படி, அனுமதியின்றிக் கஞ்சாச் செடி வளர்ப்பது குற்றம். பத்து வருஷம் வரை கடுங்காவலும், ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ‘இது போதையில்லாத வகை’ என்று விதை விற்றவர் கூறிய வார்த்தை குடியானவரைக் காப்பாற்றாது. நார், விதை ஆகியவற்றிற்காகச் சாகுபடி செய்ய அனுமதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. உத்தராகண்டத்தில் 2018-ம் வருஷத்தில் அவ்விதம் அனுமதி வழங்கப்பட்டது. அங்கும் போதைச் சத்துக் குறைந்த நல்விதை கிடைப்பது பெருங் கஷ்டமாயிருந்தது. இச்செடியின் மகரந்தம் காற்றால் வெகுதூரம் பரவுவதால், காட்டுச் செடிகளோடு கலந்து விதையின் குணம் கெடுவதும் எளிது.

லாபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 2018-ம் வருஷத்துச் சட்டத்திற்குப் பின் ஸி. பி. டி.யை நம்பி ஏராளமானோர் இப்பயிரில் இறங்கினர். சரக்கு மிகுந்து விலை சரிந்தது. வாங்குவாரின்றிப் பூக்கள் களஞ்சியங்களில் தேங்கின. 2021-ம் வருஷத்தில் அங்கு வெளிநிலங்களில் சுமார் 54,000 ஏக்கராயிருந்த இச்சாகுபடி, மறு வருஷத்தில் சுமார் 28,000 ஏக்கராகக் குறைந்தது. நடும் பொழுது சொல்லும் விலை வேறு, அறுவடையில் கைக்கு வரும் விலை வேறு என்பதை நம் குடியானவர்கள் அறியாதவரல்லர்.

முடிவு

குடியானவர்கள் கீழ்க்கண்டவற்றை மனத்திற் கொள்வார்களாக:

1. விதையெண்ணெய் உணவும் தோலுக்குத் தைலமுமாம். அதை மருந்தின் விலைக்கு வாங்கவேண்டாம்.

2. ஸி. பி. டி. மருந்துப் பொருள், வேறு மருந்து உண்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேளாமல் தொடலாகாது.

3. ராஜ்ய சர்க்காரின் அனுமதியைத் தம் பெயரில் எழுத்து மூலமாகப் பெறாமல் ஒரு விதையும் விதைக்கலாகாது, முன்பணமும் கொடுக்கலாகாது.

4. லினோலிக் அமிலத்திற்காக இவ்வெண்ணெயைத் தேடி அலைய அவசியமில்லை. நம் செக்கு நல்லெண்ணெயில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் அது உண்டு.

புட்டிகளைக் காட்டிய குடியானவர் இரத்த அழுத்தத்திற்கும் இரத்தம் உறையாதிருக்கவும் மருந்து உண்டு வருபவர் என்பது பேச்சினிடையே தெரிந்தது. ஸி. பி. டி. புட்டியைத் திறவாமல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டும்படி சொன்னேன். அரை ஏக்கரில் வழக்கம்போல் கேழ்வரகே நாற்று விட்டிருக்கிறார்.