வீட்டுக்கும் நாடி பாருங்கள்!

மருந்து எழுதுவதற்கு முன்னால் நாங்கள் நாடி பார்ப்போம். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள், பசி எப்படி, தூக்கம் எப்படி, மலம் சரியாகப் போகிறதா என்று துருவித் துருவிக் கேட்போம். வருவது ஒரே மூட்டுவலிதான். ஆனால், வாத உடம்புக்காரருக்குக் கொடுத்ததைப் பித்த உடம்புக்காரருக்கு அப்படியே தூக்கிக் கொடுத்துவிட மாட்டோம்.

வீடு கட்டும்போது மட்டும் இந்த விசாரணை கிடையாது! பக்கத்துத் தெருவில் பார்த்த எலிவேஷன், மச்சினர் வீட்டு மாடிப்படி, டி.வி. சீரியலில் வந்த ஹால்... எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டு ஒரு பிளான். அந்த வீட்டில் முப்பது வருஷம் நடமாடப் போகிற உடம்புகளை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் இப்போது, 'செட்டிநாடு டைப்பில் வேணும்' என்று கேட்டுக் கட்டுகிறார்கள். முகப்பில் நாலு வழுவழுப்பான தூண், தரையில் ஆத்தங்குடிக் கல். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால், அந்தப் பெரிய வீடுகள் ஏன் அப்படிக் கட்டப்பட்டன என்று யோசித்திருக்கிறீர்களா?

திருமயம் பக்கம் ராயவரம், கடியாபட்டி என்று போய்ப் பாருங்கள். இந்த வட்டாரத்து வீடுகளின் அருமையை வெளியுலகமும் உணர்ந்து, செட்டிநாட்டு ஊர்களை 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். பர்மா, இலங்கை, மலேயா என்று ஆண்கள் தொழிலுக்குப் போய்விடுவார்கள்; வருஷக்கணக்கில் பெண்களும் பெரியவர்களும் குழந்தைகளும்தான் வீட்டில். அதனால் வெளி ஆட்களோடு பேச, கணக்கு வழக்குப் பார்க்க முகப்பும் திண்ணையும். அதைத் தாண்டினால் குடும்பத்துக்கு வளவு. அதற்கும் பின்னால் சமையல் கட்டு. கல்யாணமான மகனை 'வேறு வைப்பது' அவர்கள் வழக்கம். ஒரே கூரைதான், ஆனால், அடுப்பு தனி, செலவு தனி. வளவைச் சுற்றி வரிசையாக இருக்கும் அறைகள் மகன்களின் குடும்பங்களுக்கு ஆளுக்கொன்றாக ஒதுக்கியவை. கல்யாணமோ சாவோ, ஊரே வந்தாலும் வீட்டுக்குள்ளேயே பந்தி போடலாம்.

உடம்புக்கான கணக்கும் அதில் இருந்தது. முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும்; காற்று தடையில்லாமல் நேராகப் போகும். நடு முற்றம் வழியாகச் சூடான காற்று மேலே ஏறி வெளியேறிவிடும். சுண்ணாம்புக் காரையில் கடுக்காய்த் தண்ணீரையும் முட்டை வெள்ளைக்கருவையும் சேர்த்துச் சுவரை இழைத்தார்கள். (கடுக்காய் வயிற்றுக்கு மட்டும்தான் என்று நினைத்துக் கொண்டிருந்தீர்களா?)

ஆக, அது அவர்கள் வாழ்ந்த வாழ்க்கைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. நீங்களோ நாலு பேர். இருவரும் வேலைக்குப் போகிறீர்கள், பிள்ளைகள் டியூஷன் முடிந்து எட்டு மணிக்கு வருகிறார்கள். அந்தச் சட்டை உங்களுக்கு எப்படிப் பொருந்தும்? தூணை விட்டுவிடுங்கள், காரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முற்றம் ஆசையாக இருந்தால் ஆறடிக்கு ஆறடி போதும். ஆனால், மேலே ஃபைபர் ஷீட் போட்டு மூடிவிட்டால் அது முற்றமல்ல, அடுப்பு! திறந்து வைத்துக் கம்பியும் கொசுவலையும் போடுங்கள். மழைத் தண்ணீர் தேங்காமல் ஓடட்டும். டெங்குக் கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும்.

அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா என்னிடம் வருவார்கள். எழுபதைத் தாண்டியவர். மகன் வெளிநாட்டில் உழைத்து, 'எங்க அம்மா ராணி மாதிரி இருக்கணும்' என்று மாடி வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மா படுப்பது எங்கே தெரியுமா? பின்பக்கம், பழைய மாட்டுக் கொட்டகையை ஒட்டிய சிமென்ட் தரையில். "தரை கண்ணாடியாட்டம் இருக்கு, காலை வைக்கவே பயமா இருக்கு டாக்டரய்யா. கதவைச் சாத்திட்டா ஒரு மனுச மூஞ்சி தெரியல" என்கிறார்கள். வேப்பமரத்தடியில் நாலு பெண்களோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே புளி கொட்டை எடுத்தவர். பிளானில் அதற்கு இடமில்லை. மகனின் பாசத்தில் குறையில்லை. அம்மாவின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று இன்ஜினீயருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவருக்குத் தூக்கம் வர மருந்து கொடுக்கிறேன். தெருவைப் பார்த்த ஒரு திண்ணைக்கு நான் எங்கே போவேன்?

அதனால், பிளான் போடுவதற்கு முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒரு வாரம் எழுதுங்கள். யார் முதலில் எழுந்திருக்கிறார்கள்? காபியை எங்கே நின்று குடிக்கிறீர்கள்? பையன் ஸ்கூல் பையை எங்கே வீசுகிறான்? தாத்தா ராத்திரி எத்தனை முறை பாத்ரூம் போகிறார்? யாருக்கு வீசிங், யாருக்குச் சர்க்கரை? மூட்டு மாற்று ஆபரேஷன் யாருக்கு வரலாம்? இந்த நோட்டுதான் உங்கள் வீட்டு நாடி. வாஸ்து பார்க்கிறவர் திசையைக் கேட்பார், முழங்கால் வலியைக் கேட்க மாட்டார்.

நோட்டு எழுதினால் சில விஷயங்கள் தானே வெளியே வரும். சமையல் மேடையை எடுத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரி எல்லா வீட்டுக்கும் ஒரே உயரத்தில் கட்டுவார். நாலடி பத்தங்குலப் பெண்ணுக்கும் ஐந்தரை அடி ஆணுக்கும் ஒரே மேடையா? சமைப்பவர் நேராக நின்று முழங்கையை மடக்கட்டும். முழங்கையிலிருந்து அரைச்சாண் கீழே மேடை இருந்தால் தோள்பட்டையும் இடுப்பும் தப்பிக்கும். தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் நறுக்குகிற பழக்கம் இருந்தால் அதற்கும் வெளிச்சமான மூலை ஒன்று ஒதுக்குங்கள்.

அடுத்தது பாத்ரூம். வாரம் இரண்டு நாள் எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள் என்று நாங்கள் சொல்கிறோம். நீங்களோ பளபள டைல்ஸ் போடுகிறீர்கள். எண்ணெயும் பளபள டைல்ஸும் சேர்ந்தால் இடுப்பெலும்பு முறிவுதான்! எண்ணெய்க் குளியல் வழக்கமுள்ள வீடானால் சொரசொரப்பாகக் கொத்திய கருங்கல்லைத் தரையில் பதியுங்கள். உட்கார்ந்து குளிக்க ஒரு திட்டு, பிடித்து எழ ஒரு கம்பி வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். வாசல் மூன்றடி அகலம் இருந்தால் பின்னால் சக்கர நாற்காலிக்கும் உதவும். சர்க்கரையில் பாதம் மரத்துப் போனவர் இருக்கும் வீட்டில் அறைக்கு அறை நிலைப்படி வேண்டாம், கால் தடுக்கும்.

பெரியவர்களின் படுக்கை தரைத்தளத்தில், பாத்ரூமை ஒட்டி, தெரு தெரியும் ஜன்னலோடு இருக்கட்டும். மேற்குச் சுவரை ஒட்டிப் படுக்கையறை வைக்காதீர்கள். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலைச் சாயங்காலம் வரை குடித்த சுவர், ராத்திரி பூரா அதைக் கக்கும். அந்தப் பக்கம் மாடிப்படி, ஸ்டோர் ரூம் என்று தள்ளிவிடுங்கள். வீசிங் இருக்கும் குழந்தையின் அறையில் ஈரச் சுவர் கூடவே கூடாது. காலை வெயில் உள்ளே வரவேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கட்டி முடிக்கவேண்டும் என்றும் இல்லை. இங்கிலாந்தில் பிறந்து, 2007-ல் காலமாகும்வரை திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர், தம் சொந்த வீட்டையே ஒரு பாறைச் சரிவில் தேவை வரவரக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வளர்த்தார். மகள் கல்யாணமாகிப் போனபிறகு காலியாகக் கிடக்கப்போகிற மாடிக்கு இன்றைக்கே கடன் வாங்குவானேன்?

பிளான் கைக்கு வந்ததும் காகிதத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டாதீர்கள். வானம் தோண்டுவதற்கு முன்னால் மனையில் சுண்ணாம்புப் பொடியால் அறைகளை முழு அளவுக்குக் கோடு போடச் சொல்லுங்கள். வீட்டோடு எல்லாரையும் கூட்டிப் போங்கள். கட்டில் வரப்போகிற இடத்தில் பாட்டியை நிற்கவைத்து, பாத்ரூம் வரை கோட்டுக்குள்ளேயே நடக்கச் சொல்லி, அடியை எண்ணுங்கள். பதினைந்தைத் தாண்டினால், அங்கேயே காலால் கோட்டை அழித்துவிட்டு இன்ஜினீயரை வேறு போடச் சொல்லுங்கள். சுண்ணாம்புப் பொடிக்கு என்ன பெரிய செலவு?