இருபது ரூபாய்ப் பத்திரத்தில் முடியாது

ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசி, 20 ரூபாய்ப் பத்திரத்தில் ‘இனி ஒருவர் மேல் ஒருவருக்குப் பாத்தியதை இல்லை’ என்று எழுதி, நோட்டரி முத்திரையும் குத்திவிட்டால் விவாகரத்து ஆகிவிட்டது என்று நம்புகிறவர்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். இந்து திருமணச் சட்டம், 1955-இன்படி அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. தங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக அப்படித் தீர்த்துவிடும் வழக்கம் உண்டு என்று நிரூபிக்க முடிந்தவர்களுக்கு மட்டும் சட்டம் விலக்குத் தருகிறது. அதை நிரூபிப்பது லேசுப்பட்ட காரியமல்ல. பத்திரத்தை நம்பி மறுமணம் செய்துகொண்டவர் மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆவது பிரிவு பாயலாம். 7 ஆண்டு வரை சிறை. ஏமாற்றத்தின் பெரும்பங்கு, அவரை நம்பிக் கழுத்தை நீட்டிய இரண்டாவது பெண்ணுக்குத்தான்.

யார் எந்தச் சட்டத்தின்கீழ் வருகிறார் என்பது முதல் கேள்வி. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டுச் சட்டம், பதிவுத் திருமணம் செய்த கலப்பு மணத் தம்பதிக்குப் பெரும்பாலும் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், முஸ்லிம்களுக்கு அவர்களுடைய தனிச்சட்டம். அண்ணா ஆட்சியில் 1967-இல் நிறைவேறிய திருத்தத்தால், புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்களும் இங்கே இந்து திருமணச் சட்டத்துக்குள் வந்துவிட்டன.

அந்தச் சட்டத்தில் மனமொத்துப் பிரிய வழி செய்வது 13பி பிரிவு. மனுப் போடுமுன் ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். அதற்குத் தனி வீடு பார்க்க வேண்டியதில்லை. ஒரே கூரையின்கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழாதிருந்தால் போதும் என்று 1991-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்றதும் அதே வழக்கில்தான். மனுப் போட்ட 6 மாதம் கழித்து இருவரும் மறுபடி வந்து சம்மதத்தை உறுதிசெய்ய வேண்டும். பிரிந்து ஒன்றரை ஆண்டு ஆகி, சமரசம் தோற்று, பணமும் பிள்ளை விஷயமும் பேசி முடிந்திருந்தால் அந்த 6 மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்பது 2017 தீர்ப்பு.

‘பேசி முடிந்திருந்தால்’ என்பதில்தான் எல்லாச் சிக்கலும். சீக்கிரம் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தால் போதும் என்ற அவசரத்தில் பல மனுக்கள் அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகின்றன. நகைகளை யார் எந்தத் தேதியில் திருப்பித் தருவது? பள்ளிக் கட்டணம் யாருடையது? கோடை விடுமுறையில் பிள்ளை யாரிடம்? பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்கு மற்றவர் கையெழுத்துப் போடுவாரா? இருவர் பெயரிலும் வீட்டுக்கடன் இருந்தால், ‘இனி தவணையை இவர் கட்டுவார்’ என்று மனுவில் எழுதிக்கொள்வது தம்பதியைத்தான் கட்டுப்படுத்தும்; வங்கியை அல்ல. தவணை தவறினால் மற்றவர் வீட்டுக் கதவையும் வங்கி தட்டும்.

ஜீவனாம்ச வழக்கில் வாய்தாவுக்கு வந்ததும் ‘வேலை போய்விட்டது’ என்பது பழைய வித்தை. 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்குக்குப் பிறகு, இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். ஜீவனாம்சமும் மனுப் போட்ட நாளிலிருந்தே கணக்கு. சட்ட மாணவர்கள் பிரிவு எண்களை மனப்பாடம் செய்வதைவிட, அந்தத் தீர்ப்பின் இணைப்பிலுள்ள படிவத்தை ஒருமுறை உட்கார்ந்து நிரப்பிப் பார்க்கட்டும். வாடகை, மளிகை, மருந்து, பெற்றோர் செலவு என்று ஒரு குடும்பம் எப்படி நடக்கிறது என்பது அதில் புரிந்துவிடும்.

குடும்ப நல நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது உரிமையல்ல, நீதிபதியின் அனுமதி என்கிறது 1984-ஆம் ஆண்டுச் சட்டம். நடைமுறையில் கறுப்புக் கோட்டு இல்லாத வழக்கைத் தேடத்தான் வேண்டும். வக்கீல் கட்டணத்துக்கு வழியில்லாத பெண்கள் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் போகலாம். அவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

5 வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடம் என்று சட்டம் சொன்னாலும், நீதிபதி முதலில் பார்ப்பது குழந்தையின் நலனைத்தான். அதனால் குழந்தையை யார் வைத்துக்கொள்வது என்ற உத்தரவு கல்வெட்டு அல்ல. பெற்றோரில் ஒருவர் ஊர் மாறினாலோ, பிள்ளை வளர்ந்து தன் விருப்பத்தைச் சொன்னாலோ மாற்றக் கேட்டு மனுப் போடலாம். ‘பிள்ளைக்கு எதுவும் கேட்கமாட்டேன்’ என்று தாய் எழுதிக் கொடுத்திருந்தாலும், பராமரிப்புச் செலவு கேட்கும் பிள்ளையின் உரிமை அதனால் போய்விடாது.