ஒரே காமிரா, ஊரெல்லாம் படம்! டெலிவிஷன் செய்திக்குச் "சரக்கு" வருவது எப்படி?

டெல்லியில் ஒரு மந்திரி பேட்டி கொடுக்கிறார். இரவு எந்த சேனலைத் திருப்பினாலும் அதே மந்திரி, அதே சட்டை, அதே பேச்சு!

"எல்லா சேனல்காரனும் ஒரே இடத்துலயா நின்னான்?" என்று டீக்கடையில் கேட்பவர்கள் உண்டு.

நிற்கவில்லை. பல நேரம் அங்கே நின்றது ஒரே ஒரு காமிராதான். அது செய்தி நிறுவனத்தின் காமிரா!

மொத்த வியாபாரம்

கோயம்பேட்டில் மூட்டையாக வாங்கி, தெருக்கடையில் கிலோ கணக்கில் விற்கிறார்கள் அல்லவா? இதுவும் அப்படித்தான்.

ராய்ட்டர், ஏ.பி., ஏ.எப்.பி. ஆகிய நிறுவனங்கள் உலகம் முழுவதும் ஆள் வைத்துப் படம் பிடிக்கின்றன. இந்தியாவில் 1971-ல் பிரேம் பிரகாஷ் தொடங்கியது ஏ.என்.ஐ. பி.டி.ஐ.யும் 2023-ல் வீடியோ சேவை தொடங்கியது. சேனல்கள் இவற்றுக்குச் சந்தா கட்டுகின்றன.

முன்பு பிலிம் சுருள் விமானத்தில் போனது. பிறகு செயற்கைக்கோள் வந்தது. இப்போது இன்டர்நெட்டில் சில நிமிடத்தில் வந்து விடுகிறது.

குரல் இருக்காது!

வரும் படத்தில் பொதுவாக வர்ணனை இருக்காது. தெருச் சத்தம், அழுகை, கோஷம் மட்டும் இருக்கும். கூடவே ஒரு பட்டியல் வரும். எந்த ஊர், எந்தத் தேதி, பேசுவது யார், என்ன சொன்னார், யார் யார் இதை ஒளிபரப்பக்கூடாது என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும்.

பேட்டி என்றால் நிருபரின் கேள்வியை வெட்டி விட்டு, பதிலை மட்டும் போடுவது வழக்கம். அதன் மேல் சேனல் தன் மொழியில் குரல் கொடுக்கும். பார்ப்பவருக்கு, "நம்ம சேனல் ஆளே போய் எடுத்தாரு" என்று தோன்றும்!

உலகை உலுக்கிய படம்

1984 அக்டோபர். எத்தியோப்பியாவில் கொடும் பஞ்சம். கோரம் என்ற ஊரில் எலும்பும் தோலுமாகக் கிடந்த மக்களைப் படம் பிடித்தார், முகமது அமீன். கென்யாக்காரர், விஸ்நியூஸ் நிறுவனத்தின் காமிராமேன். (அந்த நிறுவனம்தான் பின்னர் ராய்ட்டர் டெலிவிஷன் ஆனது.)

அக்டோபர் 23-ந் தேதி பி.பி.சி. அதை ஒளிபரப்பியது. மைக்கேல் பர்க் செய்தி சொன்னார். பிறகு 425 டெலிவிஷன் நிலையங்கள் அதைக் காட்டின. 47 கோடி பேர் பார்த்தார்கள் என்பது கணக்கு. உதவி குவிந்தது. 1985 ஜூலை 13-ல் லண்டனிலும் பிலடெல்பியாவிலும் மாபெரும் நிதி இசை விழா நடந்தது.

ஒரு காமிரா செய்த வேலை இது!

உயிரைக் கொடுத்தவர்கள்

அதே அமீன் 1991-ல் அடிஸ் அபாபா ஆயுதக்கிடங்கு வெடிவிபத்தில் ஒரு கையை இழந்தார். 1996-ல் கடத்தப்பட்ட விமானம் கடலில் விழுந்து இறந்தார்.

2000 மே 24-ல் சியரா லியோனில் ராய்ட்டர் நிருபர் கர்ட் ஷார்க்கும், ஏ.பி. காமிராமேன் மிகுவல் கில் மொரேனோவும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

2022-ல் உக்ரைனின் மரியுபோல் நகரில் குண்டு விழுந்த பிரசவ ஆஸ்பத்திரியை உலகம் பார்த்தது, அங்கே தங்கியிருந்த ஏ.பி. குழுவால்தான்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. ஒரே காமிரா பார்த்ததைத்தான் நூறு சேனல் காட்டும். அது பார்க்காததை நூறு சேனலும் காட்டாது!

எனவே படத்தின் மூலையில் இருக்கும் சின்ன எழுத்தையும், மைக்கில் இருக்கும் பெயரையும் கவனியுங்கள். சரக்கு எந்தக் கடையில் வாங்கியது என்று தெரிந்து விடும்.