சண்டே ரோஸ்ட் எங்கே கிடைக்கும்?

'ரோஸ்ட்' என்று கரும்பலகையில் எழுதி, இதன் பொருள் யாருக்குத் தெரியும் என்று எட்டாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பாதி வகுப்பு கை தூக்கும். நெய் ரோஸ்ட், பேப்பர் ரோஸ்ட், ஆனியன் ரோஸ்ட். கல்லில் முறுகலாக எடுத்த தோசைக்கு நம் ஹோட்டல்கள் வைத்த பெயர் அது. ஆகவே, பள்ளி நூலகத்து ஆங்கிலக் கதைப் புத்தகம் ஒன்றில், கிராமத்து வீட்டில் ஞாயிறு மதியம் எல்லோரும் கூடி உட்கார்ந்து 'சண்டே ரோஸ்ட்' சாப்பிட்டார்கள் என்று வந்தால், நம் பிள்ளைகளின் கண்முன் வருவது தோசைதான். அகராதியைப் பார்த்து 'வறுவல்' என்று சொல்லிக்கொடுத்தாலும் குழப்பம் தீராது. வறுவல் என்றால் அவர்களுக்கு மீன், இல்லையென்றால் வாழைக்காய்.

தஞ்சாவூர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். இந்தக் கதையை வாசித்தபோது ஒரு மாணவன், "அதை எங்க போயி சார் சாப்பிடலாம்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்கு அது நல்ல கேள்வியாகப் பட்டது. அதற்கு இங்கிலாந்தில் ஒரு பதில் இருக்கிறது, நம் காவிரிப் படுகையிலும் ஒரு பதில் இருக்கிறது. இரண்டையும் தேடுவதில் இரண்டு பாடவேளை போயிற்று.

முதலில் இங்கிலாந்து. சண்டே ரோஸ்ட் என்பது ஒரு பெரிய இறைச்சித் துண்டு. மாட்டின் விலாப்பகுதி, ஆட்டுத்தொடை, பன்றி, கோழி என்று வீட்டுக்கு வீடு மாறும். துண்டு போடாமல் அப்படியே சூட்டில் வெந்து வரும். மேசைக்கு வந்த பிறகுதான் மெல்லிய வில்லைகளாக அறுப்பார்கள். பக்கத்தில் சுட்ட உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், இறைச்சியிலிருந்து வடிந்த சாற்றில் காய்ச்சிய குழம்பு. ஆட்டிறைச்சிக்குப் புதினாத் துவையல் போல ஒன்றும், பன்றிக்கு ஆப்பிள் மசியலும் தொட்டுக்கொள்வார்கள். "புதினாவா! நம்ம வீட்டுலயும் அரைப்பாங்க" என்று ஒரு பெண் சொன்னதும் பாடம் பாதி தூரம் தானாக நகர்ந்துவிட்டது.

அந்தக் காலத்தில் இறைச்சியைக் கம்பியில் குத்தி, எரியும் நெருப்புக்கு முன்னால் சுழற்றிச் சுட்டார்கள். ரோஸ்ட் என்ற சொல் முதலில் குறித்தது அதைத்தான். வீட்டில் அந்த வசதி இல்லாதவர்கள், ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் போகிற வழியில் இறைச்சியை ஊர் ரொட்டிக்கடை அடுப்பில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அன்று ரொட்டி சுடும் வேலை இருக்காது. அடுப்பில் சூடு மட்டும் இருக்கும். வழிபாடு முடிந்து திரும்பும்போது வெந்த இறைச்சியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

இதோடு வரும் யார்க்‌ஷையர் புட்டிங் என்ற பண்டத்தைத் தவறாமல் சொல்லிக்கொடுங்கள். மாவு, முட்டை, பால் கலந்த கரைசலைச் சுடும் இறைச்சிக்குக் கீழே தட்டில் வைப்பார்கள். மேலிருந்து சொட்டும் கொழுப்பிலேயே அது உப்பி வெந்துவிடும். ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணி 1747இல் வெளியிட்ட சமையல் நூலில் இதன் செய்முறை இருக்கிறது. இறைச்சி வருவதற்கு முன்பே இதைக் குழம்போடு பரிமாறிவிடுவார்கள். மாவில் பாதி வயிறு நிறைந்துவிட்டால், இருக்கிற கொஞ்சம் இறைச்சி எல்லோருக்கும் எட்டும். மீந்த இறைச்சி திங்கட்கிழமை ஆறியபடியே தட்டுக்கு வரும். இங்கிலாந்தில் திங்கள் துணி துவைக்கும் நாள். அன்று அடுப்போடு மல்லுக்கட்ட யாருக்கும் நேரமில்லை.

இன்று அங்கே போகிறவருக்கு இது கிராமத்து 'பப்'களில் கிடைக்கும். மதுக்கடை என்று மொழிபெயர்த்தால் நம் ஊரில் வேறு பொருள் வந்துவிடும். குழந்தை குட்டிகளோடு குடும்பமாகப் போய்ச் சாப்பிடும் இடம் அது. யார்க்‌ஷையர் மலைப்பக்கம், காட்ஸ்வோல்ட் குன்றுகள் என எங்கு போனாலும், ஞாயிறு நண்பகலில் தொடங்கிப் பிற்பகல் மூன்று, நான்கு மணி வரை பரிமாறுவார்கள். முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

ஏன் நம் ஊரில் இப்படி ஒரு சமையல் வளரவில்லை? இந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் சொன்ன முதல் பதில், "நமக்குக் காரம் வேணும் சார்." அது சரிதான். ஆனால் அடுப்பைப் பார்த்தால் இன்னொரு காரணமும் தெரியும். ஒரு பெரிய துண்டு இறைச்சி வேக, மணிக்கணக்கில் நின்று எரியும் விறகோ நிலக்கரியோ வேண்டும். குளிர் நாட்டில் வீட்டைச் சூடாக்க எப்படியும் நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும்; அதிலேயே சமையலும் நடந்துவிடும். நம் டெல்டாவில் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான், காடு இல்லை. எரிவாயு உருளை வருவதற்கு முன்பு நம் பாட்டிமார் எரித்தவை வைக்கோல், உமி, தென்னை மட்டை, பாளை, வறட்டி, வாய்க்கால் கரையில் வெட்டிக் காயவைத்த காட்டாமணக்கு. சட்டென்று எரிந்து சட்டென்று அடங்கும் தீ இது. பானையில் சோறு வடிக்கவும் சட்டியில் குழம்பு கொதிக்கவும் ஏற்ற தீ. சமூக அறிவியல் ஆசிரியர்கள் இதை நிலத்தியல் பாடத்திலேயே எடுக்கலாம் என்பது என் கருத்து.

அடுத்தது ஞாயிறு. இது நமக்கு எப்போதும் விடுமுறையாக இருந்த நாள் இல்லை. மும்பை ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் போராடி, 1890இல் ஞாயிறு விடுமுறையைப் பெற்றார். நம் பக்கத்தில் கொத்தனார், தச்சர் பலர் இன்றும் அமாவாசைக்குத்தான் வேலையை நிறுத்துகிறார்கள். நடவு, அறுப்புக் காலத்தில் வயல் வேலைக்குக் கிழமை கிடையாது. அலுவலகமும் பள்ளிக்கூடமும் வந்த பிறகுதான் ஞாயிறு நம் வீடுகளில் பெரிய சாப்பாட்டுக்கான நாளாயிற்று.

சரி, நம் சண்டே ரோஸ்ட் எங்கே கிடைக்கும்? சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என் பதில் கடப்பா. கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடிப் பக்கத்துப் பழைய சைவ ஹோட்டல்களில் இதை ஞாயிற்றுக்கிழமைப் பண்டமாகவே வைத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டுக் காலைப் பந்தியிலும் பார்க்கலாம். சமையல் மேடைக்குப் போடுகிற கடப்பா கல்லோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, வெந்த உருளைக்கிழங்கை உதிர்த்துப் போட்டு, தேங்காய், பச்சை மிளகாய், சோம்பு, பொட்டுக்கடலை, பூண்டு அரைத்துக் கலந்து, பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை, வெங்காயம் தாளித்துக் கொதிக்கவிட வேண்டும். இறக்கிய பின் எலுமிச்சைச் சாறு. மிளகாய்த்தூள் கிடையாது, அதனால் வெளிர் நிறத்தில் இருக்கும். சாம்பாரும் இல்லாமல் குருமாவும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவே ஒரு சுவை. இட்லிக்கு ஊற்றிக்கொள்ளலாம். எனக்கு முறுகல் தோசைக்குத்தான் பிடிக்கும். ஆக, நம் மாணவர்கள் நினைத்த 'ரோஸ்ட்' ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் உண்மையாகவே கிடைக்கிறது! உருளைக்கிழங்கு என்னவோ இரண்டு நாட்டுத் தட்டிலும் இருக்கிறது. இரண்டு நாட்டுக்கும் அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி.

அசைவம் சாப்பிடும் வீடுகளில் ஞாயிறு என்பது விடியற்காலைக் கறிக்கடையில் தொடங்கும். கால் கிலோவா அரைக் கிலோவா, எலும்பு எவ்வளவு, ஈரல் தனியாக உண்டா என்று பேச்சு நடக்கும். சோகை பிடித்த பிள்ளைக்கென்று சுவரொட்டியைக் கேட்டு வாங்கிப் போவார்கள். பத்து மணிக்குத் தெருவெல்லாம் மசாலா வாசனை. நான் வகுப்பில் கவனிக்கச் சொன்னது குழம்பில் மிதக்கும் மற்றதை. கால் கிலோ கறியில் ஆறு பேர் சாப்பிட வேண்டும் என்றால் கத்தரிக்காயோ முருங்கைக்காயோ உருளைக்கிழங்கோ சேரும். யார்க்‌ஷையர் புட்டிங் அங்கே செய்த வேலையை இங்கே கத்தரிக்காய் செய்கிறது. மீந்த குழம்பு திங்கட்கிழமை காலை இட்லிக்கு வந்துவிடும். இதைச் சொன்னதும் மொத்த வகுப்பும் தலையாட்டியது.

கல்லணைக்கு ஞாயிறு மதியம் போனால் புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கொண்டு வந்த குடும்பங்களையும், மசாலா தடவிய மீனை எண்ணெயில் போட்டெடுக்கும் கடைகளையும் பார்க்கலாம். நாகப்பட்டினம், தரங்கம்பாடி, முத்துப்பேட்டை என்று கடற்கரைப் பக்கம் போனால் மீனும் இறாலும் நண்டும். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1706இல் வந்திறங்கினார்; அவர் காலத்தில் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718இலிருந்து நிற்கிறது. வழிபாடு முடிந்து வீடு திரும்பிக் கூடிச் சாப்பிடும் ஞாயிறு, அந்த ஊருக்கு இங்கிலாந்துக் கதையைப் படித்துத் தெரிய வேண்டிய ஒன்றல்ல.

எங்கள் பிள்ளைகளைக் கேட்டால் இந்த இடங்கள் எதையும் சொல்ல மாட்டார்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கும். வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டால் ஞாயிறு காலை அவர்களைக் கரையில்தான் பார்க்கலாம். தூண்டில், ஊத்தா, சில சமயம் அம்மாவின் பழைய சேலை. கெண்டை, கெளுத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் விரால். வரப்பு வளையில் கைவிட்டு எடுக்கும் வயல் நண்டு. பூச்சிமருந்து தெளித்த வயலில் எடுக்காதே என்று அவர்களே ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். நாட்டுப்புறத்து ஞாயிறு உணவைப் பற்றி எங்கள் வகுப்பில் என்னைவிட அதிகம் தெரிந்தவர்கள் கடைசி பெஞ்சில் இருந்தார்கள்.

இந்தப் பாடத்தை எடுக்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டும். ஒன்று, "ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிட்டாய்?" என்ற கேள்வி. கேட்க எளிது, சிலருக்குப் பதில் சொல்லக் கடினம். நம் மாணவர்களில் பலருக்கு வார நாட்களில் மதியம் சத்துணவு இருக்கிறது, முட்டை இருக்கிறது. தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவும் உண்டு. அந்தத் திட்டம் 25.8.2023 அன்று மாநிலம் முழுவதற்கும் விரிந்தது நம் டெல்டாவின் திருக்குவளையிலிருந்துதான். சனி, ஞாயிறில் அந்த அடுப்பு எரிவதில்லை. தாளடி அறுப்பு முடிந்து குறுவைக்குத் தண்ணீர் வரும்வரை கூலி வேலை குறைந்த மாதங்களில், சில வீடுகளில் வாரத்தின் மெலிந்த நாள் ஞாயிறுதான். அதனால் நான் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. "உங்கள் தெருவில் ஞாயிறு என்ன வாசனை வரும்?", "உங்கள் வீட்டில் பெரிய சமையல் எந்த நாளில்?", "பாட்டி காலத்தில் அடுப்பில் எதை எரித்தார்கள்?" என்று கேட்கிறேன். இவற்றுக்கு எல்லோராலும் பதில் சொல்ல முடியும். பொங்கல், மாரியம்மன் திருவிழா, அப்பா திருப்பூரிலிருந்து ஊருக்கு வருகிற நாள் என்றெல்லாம் பதில் வரும்.

இன்னொன்று, மாட்டிறைச்சி. சண்டே ரோஸ்ட்டில் முதல் இடம் அதற்குத்தான். அந்தச் சொல் வரும் இடத்தில் பொதுவாக 'இறைச்சி' என்று சொல்லிக் கடந்துவிடும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. நான் அப்படிச் செய்வதில்லை. ஆட்டிறைச்சியை எந்தக் குரலில் சொன்னேனோ அதே குரலில் சொல்கிறேன். வீட்டில் அதைச் சாப்பிடும் பிள்ளை வகுப்பில் இருக்கிறது. ஆசிரியர் குரலைத் தாழ்த்தினால், அந்தப் பிள்ளை தலையைத் தாழ்த்தும். வயல் எலிக்கும் நத்தைக்கும் இதே விதிதான். யாராவது முகம் சுளித்தால், ஒருவர் தட்டைப் பார்த்து இன்னொருவர் முகம் சுளிப்பது எங்கள் வகுப்பில் கிடையாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவேன். நீண்ட அறிவுரை சொன்னால் எல்லோரும் அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

மொழிப் பயிற்சிக்கும் இது நல்ல விளைநிலம். வறு, வதக்கு, பொரி, சுடு, வாட்டு, அவி, வேகவை, தாளி என்று தமிழில் ஒரு பட்டியல் போடச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் வீட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு கேட்டேன். ரவையை வறுக்கிறோம், அப்பளத்தைச் சுடுகிறோம் அல்லது பொரிக்கிறோம், கருவாட்டை வாட்டுகிறோம். அதன்பிறகு ஆங்கிலச் சொற்களைக் கொடுத்தால் எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று அவர்களே சண்டை போட்டு முடிவுக்கு வருகிறார்கள். தொடக்கநிலையில் இதையே படஅட்டையாகச் செய்யலாம்.

ஒன்பதாம் வகுப்புக்குச் செயப்பாட்டு வினை எடுத்தபோது, ஒரு சமையலை ஆங்கிலத்தில் எட்டு வாக்கியங்களில் எழுதிவரச் சொன்னேன். கடப்பா நான்கு நோட்டில் வந்தது, கறிக்குழம்பு பலவற்றில். ஒருத்தி நண்டு ரசம் எழுதியிருந்தாள். நண்டு பிடிக்கப்பட்டது, கழுவப்பட்டது, இடிக்கப்பட்டது என்று எல்லாம் சரியாகவே இருந்தது. கடைசி வாக்கியத்தில் மட்டும், அது தம்பிக்கு முதலில் கொடுக்கப்பட்டது, அவனுக்குச் சளி, என்று சேர்த்திருந்தாள். ஒன்பது வாக்கியங்கள். முழு மதிப்பெண் போட்டேன்.