ஓடும் வண்டியில் ஒரு வானொலிப் பேச்சு

(மூன்றாம் ஆண்டு இளநிலை இயற்பியல் மாணவர்)

வானொலி என்றதும் நம் நினைவுக்கு வருவது கேட்கும் கருவிதான். ஒருவர் பேசுவார்; ஊரெல்லாம் கேட்கும்; கேட்பவர் திருப்பிப் பேச வழியில்லை. ஆனால் கேட்டவரே மறுமொழி சொல்லவும், சொன்னவரே மறுகணம் கேட்கவும் கூடிய வானொலியும் உண்டு. காவல்துறை வண்டிகளில் நாம் காணும் கம்பியில்லாக் கருவி அத்தகையது. சாதாரணக் குடிமக்களும் தேர்வு எதுவும் எழுதாமல் கையாளக்கூடிய வகை ஒன்று அதில் இருக்கிறது. 'சிட்டிசன்ஸ் பேண்ட்' வானொலி என்பது அதன் பெயர். சி.பி. என்று சுருக்கிச் சொல்வார்கள். குடிமக்கள் அலைவரிசை என்று நாம் தமிழில் வழங்கலாம்.

ஆம்பூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் கல்லூரிக்கு வருபவன் நான். பச்சைத் தோல் ஏற்றிய லாரிகளும், காலணிப் பெட்டிகள் அடுக்கிய வண்டிகளும், டேனரிகளுக்கு அமிலம் கொண்டுவரும் டாங்கர்களும் என் வழித்துணை. எங்கள் ஊர் லாரி உரிமையாளர் ஒருவர் ஒருநாள், "அமெரிக்கப் படத்துல லாரிக்காரங்க மைக்குல பேசிக்கிறாங்களே தம்பி, அது நம்ம வண்டிக்கு ஆகுமா?" என்று கேட்டார். ஆகும், ஆனால் சில நிபந்தனைகளோடு என்பதே விடை. அந்த நிபந்தனைகள் என்ன என்று தேடியதன் பயனே இக்கட்டுரை.

கைப்பேசி இருக்கையில் இது எதற்கு?

ஓட்டுநர் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைப்பேசி இருக்கிறதே, இன்னொரு கருவி எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கைப்பேசி கடிதம் போன்றது. முகவரி தெரிந்தால்தான் போய்ச் சேரும். சி.பி. வானொலி தண்டோரா போன்றது. அடிக்கும் சத்தம் எட்டுமட்டும் எல்லாருக்கும் கேட்கும். நமக்கு இரண்டு கிலோமீட்டர் பின்னால் வரும் லாரியின் ஓட்டுநர் எண் நமக்குத் தெரியாது. ஆனால் அவருக்குத்தான் அந்த நேரத்தில் செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் பகுதியில் இந்தத் தேவை கூடுதலானது. தோல் பதனிடும் தொழிலில் மயிர் நீக்கச் சோடியம் சல்பைடும், பின்னர் தோலை அமிலப் பதத்துக்குக் கொண்டுவரக் கந்தக அமிலமும் பயன்படுகின்றன. இவை இரண்டும் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு எழும் என்பதை வேதியியல் மாணவர்கள் அறிவார்கள். அழுகிய முட்டை நாற்றம் என்று ஆய்வகத்தில் நாம் முகம் சுளிக்கும் அதே வாயுதான். செறிவு மிகுந்தால் மூக்கு அந்த நாற்றத்தையே உணராமல் மரத்துப்போகும். அதன் பிறகு சில நிமிடங்களில் உயிர் போகலாம். அமிலம் ஏற்றிய டாங்கர் ஒன்று இரவில் சாலையில் சாய்ந்தால், பின்னால் வருபவர்களுக்கு அது வெறும் விபத்தாகத்தான் தெரியும். வண்டியில் இருந்தது என்ன, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும் என்று சொல்ல ஒரு குரல் வேண்டும்.

கணக்கும் எளிது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் கடக்கிறது. ஆறு கிலோமீட்டருக்கு முன்பே எச்சரிக்கை எட்டினால் ஓட்டுநருக்கு ஆறு நிமிடம் கிடைக்கிறது. வேகத்தைக் குறைக்கவும், ஓரம் கட்டவும் அது போதும்.

பிறந்ததும் வளர்ந்ததும்

அமெரிக்க அரசு 1958ஆம் ஆண்டில் 27 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையைக் குடிமக்கள் பேச்சுக்கென ஒதுக்கியது. அப்போது 23 தடங்கள் இருந்தன. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது அங்கே டீசல் தட்டுப்பாடு வந்தது. எண்ணெய்ச் சிக்கனத்துக்காக 1974இல் நாடு முழுவதும் வேக வரம்பு மணிக்கு 55 மைல் ஆயிற்று. எந்த நிலையத்தில் டீசல் கிடைக்கும், எந்த வளைவில் காவலர் நிற்கிறார் என்று லாரி ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள இந்தக் கருவி கைகொடுத்தது. நெரிசல் மிகுந்து 1977இல் தடங்கள் 40 ஆயின. 1983இல் உரிமம் பெறும் தேவையையே நீக்கிவிட்டார்கள். பிரிட்டனில் 1981ஆம் ஆண்டு நவம்பரில் இது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. கைப்பேசி வந்த பிறகு வீடுகளில் இதன் மவுசு குறைந்தது. நெடுஞ்சாலை லாரிகளில் இன்னும் நிலைத்திருக்கிறது.

நம் நாட்டுச் சட்டம்

கம்பியில்லாக் கருவி வைத்திருக்க உரிமம் வேண்டும் என்று 1933ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 2005ஆம் ஆண்டில் வந்த விதி ஒன்று 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைக்கு மட்டும் உரிமத்திலிருந்து விலக்களித்தது. வீசும் ஆற்றல் 5 வாட்டுக்கு மேற்படக் கூடாது. பிறருக்கு இடையூறு செய்யக் கூடாது. பிறரால் இடையூறு நேர்ந்தால் பாதுகாப்புக் கோரவும் முடியாது. பொதுக்கிணற்றில் நீர் இறைப்பது போன்ற உரிமை இது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அமெரிக்க முறையில் முதல் தடம் 26.965 மெகாஹெர்ட்ஸ், நாற்பதாம் தடம் 27.405. நம் எல்லையோ 27.283இல் முடிந்துவிடுகிறது. இருபத்தேழாம் தடம் 27.275, அது உள்ளே அடங்கும். இருபத்தெட்டாம் தடம் 27.285, அது வெளியே போய்விடும். ஆகவே நாற்பது தடக் கருவியை வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்தால், அதில் முதல் 27 தடங்களே நமக்கு உரியவை. அவசரத்துக்கென அங்கே வழங்கும் ஒன்பதாம் தடமும் (27.065), லாரிக்காரர்கள் பேசும் பத்தொன்பதாம் தடமும் (27.185) நம் எல்லைக்குள்ளேயே அமைந்திருப்பது நல்வாய்ப்பு.

விதியில் ஆண்டெனாவைப் பற்றியும் நிபந்தனை இருப்பதால், வண்டியின் கூரையில் தனி ஆண்டெனா நிறுத்த விரும்புவோர் தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாத் திட்டப் பிரிவிடம் முதலில் எழுத்தில் தெளிவு பெற வேண்டும். கருவிக்கு அத்துறையின் வகை ஒப்புதல் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 'வாக்கி டாக்கி' என்ற பெயரில் இணையக் கடைகளில் கிடைக்கும் கருவிகளில் பல வேறு அலைவரிசையில் இயங்குபவை. உரிமம் தேவைப்படும் அலைவரிசையில் உரிமமின்றி அவற்றை இயக்குவது குற்றம். இத்தகைய விற்பனையைக் கட்டுப்படுத்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் தனி நெறிமுறைகளே வெளியிட்டிருக்கிறது. மலிவு கண்டு மயங்கலாகாது.

பொருத்தும் முறை

முதலாவது, இடம். ஓட்டுநரின் முழங்கால், கியர், பிரேக் எதற்கும் இடறாத இடத்தில் கருவியை இறுக்கமாகப் பொருத்த வேண்டும். ஒலிவாங்கியின் சுருள் கம்பி ஸ்டியரிங்கில் சிக்கக் கூடாது.

இரண்டாவது, மின்சாரம். சி.பி. கருவிகள் பெரும்பாலும் 12 வோல்ட்டில் இயங்குபவை. நம் கனரக லாரிகள் பலவற்றில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். நேரடியாக இணைத்தால் கருவி புகைந்துவிடும். அதற்காக ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் கம்பி இழுப்பதும் தவறு. ஒன்று வடியும், மற்றொன்று அளவுக்கு மேல் சார்ஜ் ஆகும், முடிவில் இரண்டும் கெடும். 24 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் மாற்றியை இடையே வைப்பதே முறை. நேர்முனைக் கம்பியில் பேட்டரிக்கு அருகிலேயே, கருவியின் கையேடு சொல்லும் அளவில் ஃபியூஸ் வைக்க வேண்டும். அதைக் கருவியின் அருகில் வைத்தால் இடைப்பட்ட கம்பி உரசித் தீப்பற்றும்போது காப்பு இராது.

மூன்றாவது, ஆண்டெனா. அனுமதி பெற்று வெளியே நிறுத்துவோருக்கு நம் பாடப்புத்தகச் சூத்திரமே வழிகாட்டும். 300ஐ 27ஆல் வகுத்தால் அலைநீளம் ஏறத்தாழ 11.1 மீட்டர். கால் அலைநீளக் கம்பி 2.78 மீட்டர் வருகிறது. லாரிக் கூரை மேல் இதை நிறுத்தினால் மரக்கிளையும் மின்கம்பியும் விடுமா? எனவே கம்பியைச் சுருக்கி, குறைந்த நீளத்துக்கு ஈடாக அடியிலோ நடுவிலோ கம்பிச்சுருள் சேர்க்கிறார்கள். செயல்திறன் சற்றுக் குறையும். பயணம் பத்திரமாக நடக்கும். ஆண்டெனாவின் மறுபாதி வண்டியின் உலோக உடல்தான். பொருத்தும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி உலோகத்தோடு உலோகம் தொடச் செய்யாவிட்டால் விலை உயர்ந்த ஆண்டெனாவும் பயன்படாது.

நான்காவது, நிலை அலை விகிதம். கம்பியில் செல்லும் ஆற்றலில் ஒரு பகுதி ஆண்டெனாவிலிருந்து திரும்பி வரும். விகிதம் 1 என்றால் எதுவும் திரும்பவில்லை, 1.5 என்றால் 4 விழுக்காடு. 2 என்றால் 11 விழுக்காடு. 3 என்றால் கால்பங்கு திரும்பிவிடும். திரும்பிய ஆற்றல் கருவியின் டிரான்சிஸ்டரைச் சூடேற்றிக் கெடுக்கும். இதற்கென உள்ள மீட்டரைக் கொண்டு முதல் தடத்திலும் இருபத்தேழாம் தடத்திலும் அளக்க வேண்டும். முதல் தடத்தில் அளவு கூடுதலாக இருந்தால் ஆண்டெனா குட்டை. கடைசித் தடத்தில் கூடுதலாக இருந்தால் நெட்டை. அதற்கேற்ப நீட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம். இந்தச் சோதனையைத் திறந்த வெளியில் செய்ய வேண்டும்; தகரக் கொட்டகைக்குள் செய்தால் அளவு பொய் சொல்லும்.

பேசும் முறை

ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும். ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்தினால் பேச்சு, விட்டால் கேள்வி. இருவர் ஒருசேர அழுத்தினால் இருவர் பேச்சும் குழம்பிக் கீச்சென்ற ஒலியே கேட்கும். ஆகவே முதலில் கேட்க வேண்டும். தடம் சும்மா இருந்தால் ஒரு விநாடி பொறுத்துப் பேச வேண்டும். சொல்வதைச் சுருங்கச் சொல்லி 'ஓவர்' என்று முடிக்க வேண்டும். 'ஸ்குவெல்ச்' என்னும் திருகு, பேச்சில்லாத நேரத்து இரைச்சலை அடக்குவது. இரைச்சல் அடங்கும் இடம் வரை மட்டும் அதைத் திருப்ப வேண்டும்; மேலும் திருப்பினால் தொலைவிலுள்ள மெலிந்த குரலையும் அது அடக்கிவிடும்.

நல்ல செய்தி எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: "வேலூர் பக்கம் போற வண்டிங்களுக்குச் சொல்றேன். மாதனூர் தாண்டினதும் ஆசிட் டாங்கர் சாஞ்சிருக்குது. காத்து ஆம்பூர் பக்கம் அடிக்குது. யாரும் கிட்டப் போகாதீங்க அண்ணே, முன்னாடியே ஓரங்கட்டுங்க. ஓவர்." எவருக்கு, எங்கே, என்ன, என்ன செய்ய வேண்டும் என்னும் நான்கும் இதில் அடங்கிவிட்டன.

ஓட்டும்போது கையில் கருவியைப் பிடித்துப் பேசுவது மோட்டார் வாகனச் சட்டப்படி தண்டனைக்குரியது. நம் லாரிகளில் கிளீனர் உடன் வருகிறார். பேசும் பொறுப்பை அவரிடம் விடலாம். ஓட்டுநர் கண்ணும் கையும் சாலையில் இருக்கட்டும்.

எட்டும் தொலைவு

தரைமட்டத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில் உள்ள ஆண்டெனாவின் வானலைத் தொடுவானம் சுமார் 8 கிலோமீட்டர். இரு லாரிகளுக்கு இடையே கணக்குப்படி 16 வரும். கட்டடம், மேடு, மின்கம்பி இரைச்சல் இவற்றால் நடைமுறையில் 5 முதல் 10 கிலோமீட்டரை எதிர்பார்க்கலாம். பாலாற்றுச் சமவெளியில் நன்றாக எட்டும்; குன்று மறைத்தால் குறையும். ஏலகிரி மலைமேல் நின்று பேசினால் தொடுவானம் விரிந்து வெகுதூரம் கேட்கும். சூரியப் புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் அயனி மண்டலம் இந்த அலைகளைத் திருப்பி அனுப்புவதால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள குரலும் பகலில் வந்து விழும். பதினொரு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் இந்த விந்தை பொழுதுபோக்குக்கு நன்று. பக்கத்துக் குரலைக் கேட்க அது இடையூறே.

நாம் செய்யக் கூடியது

இந்தக் கருவியின் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊரில் ஒருவர் மட்டும் வைத்திருந்தால் அது வெறும் பெட்டி. இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி லாரி உரிமையாளர்கள் ஒன்றுகூடி, சட்ட நிலையைத் தெளிவுபடுத்திக்கொண்டு, பேச ஒரு தடம், அவசரத்துக்கு ஒரு தடம் என்று முடிவு செய்தால்தான் பயன் தரும். அமிலமும் சல்பைடும் ஏற்றும் வண்டிகளிலிருந்து தொடங்கினால் போதும்.

மாணவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அரசுத் தேர்வு எழுதி அமெச்சூர் உரிமம் பெற்றால் 'வி.யு.' என்று தொடங்கும் அழைப்புக் குறியோடு அதிக ஆற்றலில், பல அலைவரிசைகளில் பேசலாம். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, அமெச்சூர் வானொலிப் பணிக்காகப் போர்ட் பிளேர் சென்றிருந்த பாரதி பிரசாத் அம்மையார், தொலைபேசி அறுந்த தீவுகளிலிருந்து செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பினார். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதை நாம் கண்ணால் கண்டோம். அடுத்த வெள்ளம் எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. அதற்குள் நம் கல்லூரியில் பத்துப் பேராவது அந்தத் தேர்வை எழுதியிருந்தால், நாம் படித்த மின்காந்த அலைகள் தேர்வுத் தாளோடு நின்றுவிடாமல் நம் ஊர் மக்களுக்கும் பயன்படும்.